மாடிப்படிக்குக் கீழே ஏழு பாட்டில்கள்

1994ஆம் ஆண்டு ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. ஏழு மணி வரை பனி மூட்டம் இருந்தது. எட்டுக்கு விலகி, பத்துக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று இல்லை. பொங்கல் முடிந்து நான்கு நாள் ஆகியும் தெருவில் கரும்புச் சக்கை கிடந்தது. எனக்குப் பல் வலி. அந்த வருடத்தின் பன்னிரண்டு தற்செயல் விடுப்புகளில் முதலாவதை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் இடது கையில் ஐந்தாவது வீடு எங்களுடையது. மூன்றாவது வீட்டு கேட் திறக்கும் சத்தமும், "எம்மா, தண்ணி தொட்டி பாக்கணும்" என்ற குரலும் கேட்டன. மலேரியாக்காரர் வந்துவிட்டார். அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. மலேரியாக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். காக்கிச் சட்டை, தோளில் பை, கையில் நீளப்பிடி போட்ட ஒரு வெள்ளைக் கரண்டி. வீடு வீடாகக் கிணறு, தொட்டி, டிரம் எல்லாவற்றிலும் அந்தக் கரண்டியை விட்டு மொண்டு, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் கொட்டுவார், அல்லது மருந்து விடுவார். பார்த்து முடித்ததும் வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நீலப் பென்சிலால் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். எங்கள் சுவரில் அப்போது பதினேழு தேதிகள் இருந்தன.

ஒரு வீட்டுக்கு அவருக்கு நான்கு நிமிடம் ஆகும். அந்த வீட்டோடு சேர்த்து எங்களுக்கு முன் இரண்டு வீடு. ஆக எனக்கு எட்டு நிமிடம் இருந்தது. ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்ற ஏழு பாட்டில்களையும் இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டுபோய், மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடத்தில், காலி சிமென்ட் சாக்குகளுக்குப் பின்னால் வைத்தேன். கடைசி நடையில் ஒன்றுதான் மீதி. மேலே ஒரு சாக்கை விரித்து மூடினேன். என் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு குச்சிக்காக அந்த மனுஷன்கிட்ட பொய் சொல்லப் போறீங்களா?"

"நான் எதுவும் சொல்லப் போறதில்ல. அவர் கேட்டாத்தானே."

அவர் கேட்டார். கிணற்றையும் தொட்டியையும் பார்த்துவிட்டு வந்து, "பாட்டிலு கீட்டிலு எதுனா கீதா சார்? போன தபா பதினொண்ணு கொட்டினேன்" என்றார்.

"இப்ப ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

"அம்மா கோச்சிக்கினாங்களோன்னு பாத்தேன். செடின்னா இன்னா சார், தரையிலயே நடலாம். தண்ணியில நட்டா கொசுதான் மொளைக்கும்."

வருடா வருடம் கொடுக்கிறபடி பொங்கல் இனாம் ஐந்து ரூபாய் கொடுத்தேன். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பதினெட்டாவது தேதியை எழுதிவிட்டுப் போனார். இனாம் எப்போதும் கொடுப்பதுதான். ஆனாலும் அந்த ஐந்து ரூபாயை அன்று கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

பாட்டில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1986இல் வீடு கட்டிக் குடிவந்தபோது மனையில் ஒரு புல் கிடையாது. மண் முழுக்கச் சுக்காங்கல். முதல் வருடம் இருபத்திரண்டு குச்சி நட்டேன். இருபத்திரண்டும் காய்ந்துபோயின. என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் படப்பையிலிருந்து வருவார். அவர்தான், "மண்ணுல வெச்சா உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது சார். கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்தி வைங்க, வேர் வுடறது கண்ணுக்குத் தெரியும், அப்புறம் எடுத்து நடுங்க" என்று சொல்லிக்கொடுத்தார். கூடவே ஒரு விதியும் சொன்னார். தண்ணீரை மாற்றக் கூடாது. குச்சியிலிருந்து இறங்குகிற சாறு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, அதைக் கொட்டினால் வேர் திகைத்துப்போய் நின்றுவிடும், குறைகிற அளவுக்கு மேலே ஊற்றினால் போதும் என்றார். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விதி என்று யாராவது சொல்லிவிட்டால் நான் மீற மாட்டேன்.

ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில், பழுப்பு நிற இருமல் மருந்து பாட்டில் என்று சேர்த்தேன். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் செடி மேல் ஆசை என்று சொன்னால் முழு உண்மையாகாது. வேர்களை எண்ண முடிந்தது. முதலில் தண்டில் வெள்ளையாக ஒரு பரு வரும். மூன்றாம் நாள் அது நூலாகும். தினமும் காலையில் ரயிலுக்குப் போகுமுன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எண்ணி நோட்டில் எழுதுவேன். அலுவலகத்தில் எனக்கு ஸ்டோர்ஸ் பிரிவு. அங்கே எண்ணுகிற பொருள் எதுவும் தானாகக் கூடியதில்லை, குறையத்தான் செய்யும். பாட்டிலில் கூடியது.

1993 மழைக்காலத்தில் பதினொரு பாட்டில் இருந்தன. அதில் ஓர் அடுக்குச் செம்பருத்திக்குப் பதினான்கு வேர். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மலேரியாக்காரர் வந்து பதினொன்றையும் கொட்டி, பாட்டில்களைக் கழுவி, மதில் மேல் வரிசையாகக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மாலை ஏழு பத்துக்கு நான் வந்து பார்க்கும்போது குச்சிகள் ஓரமாகக் கிடந்தன. வேர்கள் தலைமுடி மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால்தான் இந்த முறை ஒளித்தேன். இது காரணம்தான், நியாயம் என்று சொல்ல வரவில்லை.

எங்கள் வீட்டின் பின் போர்ஷனில் ஒரு டீச்சர் குடியிருந்தார். ஓர் அறை, ஓர் அடுப்படி, வெளியே துணி துவைக்கும் கல்லும் ஒரு சிமென்ட் தொட்டியும். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வெள்ளைப் புடவையும் பாவாடை தாவணியுமாகச் சர்ச்சுக்குப் போவார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் பன்னிரண்டு துண்டு கேக் வரும். வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதே கிடையாது. என்னை சார் என்பார், என் மனைவியை அக்கா என்பார். மகளுக்கு நான் அங்கிள்.

மாலையில் டீச்சர் அந்த ஒரே அறையில் ஒன்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். அதனால் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்துவிடுவாள். படிகள் மொத்தம் பதினெட்டு. அவள் உட்காருவது ஐந்தாவது படி. அவளுக்காக நானே அங்கே ஒரு நாற்பது வாட் பல்பு போட்டுக் கொடுத்திருந்தேன். ஆறு மணியிலிருந்து எட்டரை வரை அங்கேதான் இருப்பாள். கணக்கில் கெட்டிக்காரி. அரையாண்டுத் தேர்வில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. ரயிலில் போகும்போது குரோம்பேட்டையில் அந்த இன்ஜினியரிங் கல்லூரி வளாகம் வந்தால் எழுந்து நின்று பார்ப்பாள் என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பார். "சீட்டு கெடச்சா நடந்தே போயிடுவேன்றா சார், ரெண்டு ஸ்டேஷன்தானேன்னு."

பாட்டில்களை நான் திரும்ப ஜன்னலுக்குக் கொண்டுவரவில்லை. மலேரியாக்காரர் மறுபடி எந்த நாளும் வரலாம் என்று அங்கேயே விட்டுவிட்டேன். ஐந்தாவது படி அந்த முக்கோண இடத்துக்கு நேர் மேலே இருந்தது. அப்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் தன் சைக்கிளையும் அங்கேதான் நிறுத்துவாள். ஜனவரி 25 அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது படியிலிருந்து கேட்டாள்.

"அங்கிள், மீன் வளக்கறீங்களா?"

"என்ன மீன்?"

"கீழ உங்க பாட்டில்ல நீந்துது. குட்டி குட்டியா."

"எத்தனை?"

"எண்ணல அங்கிள். அதுக்கு நீங்கதான் வரணும்." சிரித்துவிட்டு மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் குடியரசு தினம், விடுமுறை. காலை எட்டரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டுபோய்ப் பார்த்தேன். நான்கு பாட்டில்களில் புழு இருந்தது. மொத்தம் முப்பத்தொன்று. அன்றைக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். தண்ணீரைக் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் செம்பருத்தி ஒன்றில் அன்று காலைதான் முதல் வேர் வந்திருந்தது. கொட்டினால் திகைத்துவிடும். இரண்டு நாள் பார்க்கலாம் என்று நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு, "புழு 31" என்று எழுதினேன்.

ஜனவரி 29, சனிக்கிழமை: 24. பிப்ரவரி 1: 19. பிப்ரவரி 3: 6. பிப்ரவரி 5: ஒன்றுமில்லை. அதற்கு நேராக நான் எழுதியிருக்கும் வாசகம் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது: "தானாகவே தீர்ந்தது."

எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்பில் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று நான்கு படம் வரைந்து பாகம் குறித்துப் பத்துக்கு ஒன்பது வாங்கியவன் நான். தண்ணீருக்குள்ளிருந்து குறைந்தது எங்கே போயிற்று என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். எண்ணிக்கை குறைந்தது, எனக்குத் திருப்தியாக இருந்தது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை, ஏழில் மூன்று வேர் பிடித்திருந்தன. பூந்தொட்டியில் மாற்றி நட்டேன். மீதி நான்கைத் தூக்கிப் போட்டேன். பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன்.

மார்ச் 5, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு டீச்சர் மகளுக்குக் குளிர் வந்தது. இரண்டு போர்வை, எங்கள் வீட்டிலிருந்து ஒரு கம்பளி, மூன்றும் போர்த்தியும் கட்டில் ஆடியது. பிறகு காய்ச்சல், பிறகு வியர்வை. ஆறரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தாள். சர்ச்சுக்குக்கூடப் போய்வந்தாள். தெருமுனை டாக்டர், பரீட்சை நேரம், பயத்தில் வரும் என்று மாத்திரை கொடுத்தார். திங்கட்கிழமை மறுபடி குளிர். இந்த முறை மூன்று மணிக்கு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. இரண்டு முறை வந்ததை வைத்து எப்படிச் சொல்வது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். புதன்கிழமை இரண்டு மணிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்திக்கொண்டு வந்தது. டீச்சர் வீட்டுக் காலண்டரில் பரீட்சைத் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். கணக்குத் தாள் மார்ச் 17, காலை பத்து மணி. நான் விரல் விட்டு எண்ணினேன். ஒற்றைப்படைத் தேதி. பதினைந்தில் பதினொரு மணி, பதினேழில் பத்து மணி.

அப்போதுதான் போய்ச் சொன்னேன். "டீச்சர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருதே. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

"ஆமா சார், எனக்குத் தோணவே இல்ல. நீங்க எண்ணிக்கிட்டே இருக்கறது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க." அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் நான்கு நாள் இருந்ததை அவர் எண்ணவில்லை.

சனிக்கிழமை சுகாதார நிலையத்தில் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு புதன்கிழமை, 16ஆம் தேதி வந்தது. மலேரியா. அன்று காலை ஏழரை மணிக்கு மலேரியாக்காரர் மாத்திரை கொண்டுவந்தார். ஒரு வீட்டில் நோய் வந்தால் அந்த வீட்டில் கொசு எங்கே வளர்ந்தது என்று தேட வேண்டுமாம். கிணற்றைப் பார்த்தார், மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே குனிந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார். சைக்கிள்தான் இருந்தது. நான் பின்னாலேயே நின்றேன்.

கடைசியில் டீச்சரின் சிமென்ட் தொட்டியில் கரண்டியை விட்டு மொண்டார். புழு இருந்தது.

"இன்னாமா, படிச்சவங்க நீங்க. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறவங்க. தொட்டிய மூடி வெக்கக் கூடாதா? இதாம்மா காரணம். பெத்த பொண்ணுக்கு நீங்களே நோவு வளத்து வெச்சுக்கினு கீறீங்களே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம்தான். டீச்சர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பத்து நாளா கழுவல. டியூஷன், டியூஷன்னு... நான்தான். நான்தான் சார்" என்று என்னிடம் சொன்னார். அழுதார். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடுவதுபோலத் தேடினேன். என் மனைவி உள்ளே போய், கஞ்சிக்கு அரிசி களைந்தாள். அதன் பிறகு இருபத்திரண்டு நாள் அவர்களுக்குக் கஞ்சியும் ரசமும் எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று.

மறுநாள் கணக்குப் பரீட்சை. மாத்திரை ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனாள். மார்ச் வெயிலில் ஸ்வெட்டர். பத்து பத்துக்குக் குளிர் ஆரம்பித்தது என்று பிறகு சொன்னாள். பேனாவைப் பிடிக்க முடியவில்லை, கையை மேஜையோடு சேர்த்து இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன் அங்கிள் என்றாள். நான் கணக்குப் போட்டதற்குப் பத்து நிமிடம்தான் வித்தியாசம்.

அந்தச் சனிக்கிழமை நான் மெயின் ரோட்டில் தகரக் கடைக்குப் போனேன். தொட்டியின் வாயை நூல் வைத்து அளந்து எடுத்துப்போயிருந்தேன். முப்பது அங்குலம், இருபத்திரண்டு அங்குலம். துத்தநாகத் தகடு வெட்டி, விளிம்பு மடித்து, நடுவில் ஒரு கைப்பிடி வைத்து மூடி செய்து வாங்கிவந்தேன். ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. டீச்சர் அதைக் கையில் வாங்கியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான், நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது.

"நியாயமாப் பாத்தா நான் அன்னைக்கே வாங்கிப் போட்டிருக்கணும் சார்" என்றார்.

ஏப்ரல் கடைசியில் மலேரியாக்காரர் மறுபடி வந்தார். கேட்டருகே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"சார், ஒரு விஷயம். அந்தம்மா தொட்டியில எடுத்த புழுவை அன்னைக்கு ஒரு புட்டியில புடிச்சுக்கினு போயி ஆபீசர்கிட்ட காட்டினேன். அது தலைகீழாத் தொங்குற புழு சார். சாதாக் கொசு. மலேரியாக் கொசுவோட புழு தண்ணி மேல மட்டமாப் படுத்துக்கினு கெடக்கும், குச்சி மெதக்குற மாதிரி. நான் அவசரப்பட்டு அந்தம்மாவைச் சொல்லிட்டேன். பாவம், அழுதுட்டாங்க. நீங்க கொஞ்சம் சொல்லிடுங்க சார், அவங்க தொட்டி இல்லன்னு."

"அப்ப எங்கேருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா. நாலு வூடு தள்ளி எங்கனா மொட்டைமாடித் தொட்டியா இருக்கும். எங்கனா கண்ணுக்குப் படாத எடமா இருக்கும். சொல்லிடுங்க சார்."

"சொல்றேன்" என்றேன்.

அன்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முப்பத்தொன்று, இருபத்துநான்கு, பத்தொன்பது, ஆறு. அவை படுத்துக் கிடந்தனவா, தொங்கினவா? டார்ச் வெளிச்சம் நினைவில் இருக்கிறது. பாட்டிலின் பச்சை நிறமும், ஜாம் பாட்டிலில் ஒட்டியிருந்த பாதி லேபிளும்கூட. புழு எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் உதடு அசைந்ததுதான் ஞாபகத்துக்கு வருகிறது. எண்ணிக்கைக்கு ஒரு பத்தி போட்டேனே தவிர, அதற்கு ஒரு பத்தி போடத் தோன்றவில்லை. நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். கொசு பறந்த நாள், அது வேறு யாரையோ கடித்து நோயை வாங்கிக்கொள்ளும் நாள், நோய் கொசுவுக்குள் முற்ற ஆகும் நாள், இவளைக் கடித்துக் காய்ச்சல் வர ஆகும் நாள். மார்ச் 4, 5 என்று வந்தது. வேறு எந்த மொட்டைமாடியிலிருந்தும் அதே தேதி வரலாம். எனக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை.

தெரிந்தது ஒன்றுதான். டீச்சரின் தொட்டி இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்ப எங்கேருந்து சார் என்று நான் கேட்ட அதே கேள்வியை அவர் கேட்பார். அதற்கு நான் என்ன சொல்வது? சொல்லாத பொய் வேறு, சொன்ன பொய் வேறு என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் ஒளிந்துகொண்டேன்.

என் மனைவி மூன்று முறை கேட்டாள். முதல் முறை அதே வாரம். "சொல்லிட்டீங்களா?"

"பரீட்சை ரிசல்ட் வரட்டும்."

ரிசல்ட் வந்தது. கணக்கில் நூற்று ஐம்பத்தொன்று. அரையாண்டில் வாங்கியதைவிட நாற்பத்தைந்து குறைவு. குரோம்பேட்டை வளாகத்தில் சீட்டு கிடைக்கவில்லை, வேறு இடத்தில் பணம் கட்டிச் சேர வசதி இல்லை. பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு சேர்ந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவி இரண்டாம் முறை கேட்டாள். "இப்ப போய்ச் சொன்னா அந்தம்மாவுக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றேன். "உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாதம் போட்டாள்.

டீச்சர் அதற்குப் பிறகு மூன்று வருடம் அங்கே குடியிருந்தார். வாரம் இரண்டு நாள், புதனும் சனியும், அந்தத் தொட்டியைக் காலி செய்து தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார். மழைக்காலத்திலும் கழுவுவார். யார் வந்தாலும், சர்ச் ஆட்கள், டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள், எல்லோரிடமும் மூடியைக் காட்டிச் சொல்வார்: "என் கவனக்குறைவால எம்பொண்ணு படிப்பு போச்சு. நீங்களாவது ஜாக்கிரதையா இருங்க. இது ஹவுஸ் ஓனர் சாரே செஞ்சு குடுத்தது." வாரம் இரண்டு, வருடம் நூற்றுநான்கு, மூன்று வருடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கழுவியிருப்பார். புதன்கிழமை நான் வேலைக்குப் போய்விடுவேன். சனிக்கிழமை காலையில் அந்தச் சத்தம் கேட்கும். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஐந்தாவது படியை மிதிக்காமல் தாண்டுவது பழக்கமாகிவிட்டது. பாட்டிலில் குச்சி வைப்பதையும் அந்த வருடத்தோடு விட்டேன்.

1997 மே மாதம் வீட்டைக் காலி செய்தார்கள். மகளுக்கு ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அதற்குப் பக்கமாக வீடு பார்த்திருந்தார்கள். முதல் நாள் மாலை, அட்வான்ஸ் ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கவரில் ஐயாயிரத்து ஐந்நூறு வைத்தேன். அரை மணி நேரத்தில் டீச்சர் வந்தார்.

"சார், அஞ்சு நூறு ரூபா நோட்டு கூட இருக்கு. மூணு தடவ எண்ணினேன்."

"அப்படியா?"

"நீங்களே தப்பா எண்ணிட்டீங்கன்னா நாங்கெல்லாம் எங்க போறது?" என்று சிரித்துக்கொண்டே நோட்டுகளை நீட்டினார். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். "வயசாயிடுச்சு டீச்சர்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து மனைவி பார்த்தாள். மூன்றாம் முறையாகக் கேட்டது அன்றுதான். பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் காலை டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. மகள் என்னிடம் வந்தாள். நான் 1994இல் மாற்றி நட்ட மூன்றில் ஓர் அடுக்குச் செம்பருத்தி அப்போது என் தோளுக்கு வளர்ந்திருந்தது.

"அங்கிள், இதுல ஒரு குச்சி குடுங்க."

வெட்டிக் கொடுத்தேன். ஒன்பது அங்குலம், நான்கு கணு. ஈரத்துணி சுற்றும்போது, "தண்ணியில வெச்சா பத்து பன்னெண்டு நாள்ல வேர் விடும்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா வீட்டுல தண்ணி நிக்க விட மாட்டாங்க அங்கிள். மண்ணுலயே வெச்சுக்கறேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த மீன் விஷயம் நான் அம்மாகிட்ட சொல்லல" என்றாள்.

அவள் சொல்லவில்லை என்பதற்கு நான் நன்றி சொன்னேனா, சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேனா? தலையை ஆட்டினேன். அதற்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாளோ.

டெம்போ கிளம்பியது. கட்டில், பீரோ, டியூஷன் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தகர மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதை விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். "நீங்க செஞ்சு குடுத்தது சார், எப்படி விட்டுட்டுப் போறது" என்று டீச்சர் எடுத்துக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை வெயிலில் அது பளபளத்தது.

அவர்களுக்கு என்ன செலவு ஆயிற்று என்று நான் பல முறை கூட்ட முயன்று விட்டிருக்கிறேன். என் செலவை மட்டும் கூட்ட முடிகிறது. மலேரியாக்காரருக்குப் பொங்கல் இனாம் ஐந்து ரூபாய். தகர மூடி, வெட்டுக் கூலி சேர்த்து, முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு. ஐந்நூறு திரும்பி வந்துவிட்டது. ஆக மொத்தம் முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.